சீனத்துப் பழங்கிராமங்கள்: பயணி எதைப் பார்க்கிறார், எதை விடுகிறார்?

சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஹோங்சுன் என்றொரு கிராமம். ஊர் நடுவே அரைநிலா வடிவில் ஒரு குளம். கரையைச் சுற்றி வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாக வீடுகள். காற்று அடிக்காத காலை நேரத்தில் அந்த வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும். அதைப் படம் பிடிக்க விடியும் முன்பே ஆட்கள் வந்து இடம் பிடித்துவிடுவார்கள். கலைக்கல்லூரி மாணவர்கள் சின்ன முக்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார்கள். அதே கரையில் ஊர்க்காரப் பாட்டி ஒருவர் கீரையோ துணியோ அலசிக்கொண்டிருப்பார்.

கேமராக்காரர் பார்ப்பது நிழலாட்டத்தை. மாணவர் பார்ப்பது கோட்டையும் வண்ணத்தையும். பாட்டி பார்ப்பது இன்றைக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று. இப்படி ஓர் இடம் பார்க்கும் ஆளைப் பொறுத்து வேறு வேறு காட்சியாக மனதில் உருவாவதை ஆய்வாளர்கள் ‘நிலக்காட்சி உணர்தல்’ என்ற தலைப்பின் கீழ் படிக்கிறார்கள். சீனத்துப் பழங்கிராமங்களைப் பயணிகள் எப்படி உணர்கிறார்கள் என்பது அதில் ஒரு கிளை. சீனப் பல்கலைக்கழகங்களில் இப்போது இதைப் பற்றி ஏராளமாக எழுதுகிறார்கள். புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு இந்த விஷயத்தை எளிமையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

அடிப்படை இதுதான். நிலம் என்பது அங்கே கிடப்பது: மலை, ஓடை, வயல், வீடு, மரம். நிலக்காட்சி என்பது ஒருவர் ஓரிடத்தில் நின்று அவற்றில் சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றைக் கழித்து, ‘இது அழகு’, ‘இது பழமை’, ‘இது ஏமாற்று’ என்று மனதுக்குள் கட்டிக்கொள்வது. முதலில் புலன்கள் வேலை செய்யும். கண் முந்திக்கொள்ளும், காது, மூக்கு, நாக்கு, கால் எல்லாம் பின்னால் வரும். அடுத்தது பொருள் கொள்வது: இந்தச் சுவர் ஏன் இப்படிப் படிப்படியாக இறங்குகிறது, இந்தக் குளம் எதற்கு. அப்புறம் மனநிலை: நிம்மதி, வியப்பு, ஏக்கம், சில சமயம் சலிப்பு. கடைசியில் செயல்: இன்னொரு நாள் தங்குவது, படம் பகிர்வது, ‘போய்விடாதீர்கள்’ என்று விமர்சனம் எழுதுவது. பாடப்புத்தகத்தில் இவை வரிசையாக வரும். நடைமுறையில் பலருக்கு மனநிலைதான் முதலில் தயாராகிறது, அதுவும் ஊருக்கு வந்து சேரும் முன்பே, கைப்பேசித் திரையில்.

என் பார்வையில் இந்தக் கிராமங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பயணி அழகு என்று பார்க்கிற ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டவை. தீயைத் தடுக்க, திருடனைத் தடுக்க, தண்ணீரைப் பங்கிட, தானியத்தைக் காயவைக்க. வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை, அழகு மட்டும் தெரிகிறது. அந்த வேலை நின்றுபோனால் அழகும் மெதுவாகச் சரியத் தொடங்கும்.

யார் வருகிறார்கள்?

2011-ஆம் ஆண்டு சீனாவில் நகரவாசிகளின் எண்ணிக்கை முதன்முறையாக மக்கள்தொகையில் பாதியைத் தாண்டியது. 2000-ல் சுமார் 36 லட்சமாக இருந்த கிராமக் குடியிருப்புகள் 2010-க்குள் 27 லட்சமாகக் குறைந்துவிட்டன என்று எழுத்தாளர் ஃபெங் ஜிசாய் திரும்பத் திரும்ப எச்சரித்துவந்தார். 2012-ல் அரசு ‘பாரம்பரியக் கிராமங்கள்’ என்ற தேசியப் பட்டியலைத் தொடங்கியது. முதல் தவணையில் 646 ஊர்கள் சேர்ந்தன. 2023-ல் ஆறாவது தவணை அறிவிக்கப்பட்டபோது மொத்தம் 8,155. மலையும் நீரும் கண்ணில் பட வேண்டும், ஊர் நினைவு மனதில் நிற்க வேண்டும் என்ற முழக்கம் 2013 டிசம்பரில் நடந்த நகரமயமாக்கல் மாநாட்டிலிருந்து வந்தது. இன்று கிராமச் சுற்றுலா விளம்பரம் எதைப் பார்த்தாலும் அதன் சாயல் இருக்கும்.

ஆக, இந்த ஊர்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சீன நகரவாசிகள். ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன் அவர்கள் குடும்பமும் ஏதோ ஒரு கிராமத்தில்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் வந்து நிற்பது சொந்த ஊரில் இல்லை. அந்த ஊர் பெரும்பாலும் இடிந்திருக்கும், அல்லது கான்கிரீட் ஆகியிருக்கும். யாருடைய ஊரிலோ நின்றுகொண்டு தன் ஊருக்காக ஏங்குவது, யோசித்துப் பார்த்தால், விசித்திரமான அனுபவம்தான்.

எல்லோருக்கும் அந்த ஏக்கம் வரும் என்றும் இல்லை. 1968-க்குப் பிறகு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நகர இளைஞர்கள் வயல்வேலைக்கென்று கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று அவர்களுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். பேத்தி படிக்கட்டு வயலின் முன் நின்று செல்ஃபி எடுக்கும்போது தாத்தாவுக்கு ஞாபகம் வருவது முதுகுவலியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் ஆய்வுகளில் வயது, வளர்ந்த இடம், படிப்பு, எத்தனையாவது முறை வருகிறார் என்பதையெல்லாம் பிரித்துக் கேட்கிறார்கள். ‘பயணிகள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற கட்டுரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வருமுன்பே பார்த்துவிட்ட காட்சி

சுற்றுலாப் பயணியின் கண் வெறும் கண் இல்லை, அது பழக்கப்படுத்தப்பட்ட கண் என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் அர்ரி 1990-ல் விரிவாக எழுதினார். விளம்பரம், படம், கதை எல்லாம் சேர்ந்து எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகின்றன. பயணி அதைத் தேடிப் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

சீனாவில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த கவிஞர் தாவ் யுவான்மிங் எழுதிய சிறுகதை ஒன்று உண்டு. ஒரு மீனவர் பீச் மலர் பூத்த ஓடை வழியே போய், ஒரு குறுகிய குகைக்குள் நுழைகிறார். குகை திடீரென்று திறந்துகொள்கிறது. உள்ளே சமவெளி, ஒழுங்கான வீடுகள், நல்ல வயல், குளம், நாயும் கோழியும் கத்தும் சத்தம், வெளியுலகத்தைப் பற்றியே தெரியாத மக்கள். அவர் திரும்பி வந்த பிறகு அந்த இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சீனப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கதை இது. ‘அந்த ஊர் எங்கள் ஊர்தான்’ என்று விளம்பரம் செய்யும் கிராமங்களுக்குக் கணக்கில்லை.

கதையின் அமைப்பு தென்சீனக் கிராமங்களின் அமைப்போடு ஒத்துப்போவது தற்செயல் இல்லை. ஃபெங் சுய் என்ற சீன வாஸ்து மரபில் ஊருக்கு இடம் பார்க்கும்போது பின்னால் மலை, இரு பக்கமும் குன்று, முன்னால் தண்ணீர் என்று தேடுவார்கள். ஓடை ஊரைவிட்டு வெளியேறும் இடத்தை ‘நீர்வாய்’ என்பார்கள். ஊரின் வளம் அதன் வழியாக ஓடிவிடக் கூடாது என்று அங்கே பெரிய மரங்களை வளர்த்து, பாலமோ மண்டபமோ கட்டி மறைத்துவைப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஊர் தெரியாது. மரத்தைக் கடந்து, பாலத்தைக் கடந்து, ஒரு திருப்பம் திரும்பினால் சட்டென்று எல்லாம் விரியும்.

ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975-ல் சொன்ன ஒரு கருத்து இதற்கு நன்றாகப் பொருந்தும்: தன்னை மறைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்க வசதியான இடம் மனிதனுக்கு இயல்பாகவே பிடிக்கும். முதுகுக்கு மலை, முன்னால் வெளி. ஃபெங் சுய் நம்பாத வெளிநாட்டுப் பயணிக்கும் இந்த ஊர்கள் பிடித்துப்போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல ஊர்களில் இப்போது பேருந்து நிறுத்தம், டிக்கெட் கவுன்ட்டர், நினைவுப்பொருள் கடைத்தெரு என்று வேறு வழியில்தான் உள்ளே விடுகிறார்கள். நூற்றாண்டுகளாக யோசித்து அமைத்த நுழைவு வரிசை வாகன நிறுத்துமிடத்தோடு முடிந்துபோகிறது.

இன்னும் புதிய பழக்கமும் உண்டு. 2000-ல் வெளிவந்து உலகமெங்கும் ஓடிய ஒரு சீன வாள்சண்டைப் படத்தின் சில காட்சிகள் ஹோங்சுனில் எடுக்கப்பட்டவை. ஊரின் இன்னொரு நீர்நிலையான தெற்கு ஏரியின் குறுக்கே ஒரு சின்னக் கல்பாலம் போகும். அந்தப் படத்தைப் பார்த்தவருக்கு அந்தப் பாலத்தில் குதிரையை நடத்திக்கொண்டு ஒரு வீரன் வருவதுதான் முதலில் தெரியும். ஹோங்சுன் பக்கத்து ஊரான ஷீதியோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் அதே 2000-ல்தான்.

ஹோங்சுனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்

ஹோங்சுன் பழைய ஹுய்சோ வட்டாரத்தைச் சேர்ந்தது. மலை அதிகம், வயல் குறைவு. அதனால் ஆண்கள் சிறு வயதிலேயே வெளியூர் போய் உப்பு, தேயிலை, மரம், அடகுக்கடை என்று வியாபாரம் செய்து பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த வீடுகள்தான் இவை. மலையும் நெல்வயலும் மூடுபனியுமான பின்னணியில் இந்த வெள்ளையும் கறுப்பும் அப்படியே மை ஓவியம் போல இருக்கிறது என்பது சீனப் பயணி எழுதும் முதல் வரி. மை ஓவியம் பார்த்தே பழகிய கண் அது, வேறு எப்படிச் சொல்லும்?

இப்போது அந்தச் சுவர்களைப் பாருங்கள். கூரைக்கு மேலே உயர்ந்து, படிப்படியாக இறங்கி, நுனியில் சற்றே நிமிர்ந்து நிற்கும். குதிரைத்தலைச் சுவர் என்று பெயர். வரிசையாகப் பார்த்தால் தாளக்கட்டு மாதிரி இருக்கும், புகைப்படத்தில் ரொம்ப எடுப்பு. அதன் உண்மையான வேலை தீத்தடுப்பு. உள்ளே முழுக்க மர வேலைப்பாடு. வீடுகளோ ஒட்டி ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த உயரம். வெளிச்சுவரில் சன்னல்கள் மிகக் குறைவு, அவையும் சின்னவை, உயரத்தில் இருப்பவை. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளியூரில் இருந்த வீடுகளில் திருட்டுப் பயம் இருந்திருக்கும், பெண்களுக்குக் கட்டுப்பாடும் இருந்திருக்கும். பயணிக்கு அது ‘எளிமை’, ‘அமைதி’. உள்ளே காலம் கழித்த மனைவிகளிடம் கேட்டிருந்தால் வேறு வார்த்தை வந்திருக்கும்.

வெளிச்சம் வருவது நடுமுற்றம் வழியாக. நான்கு பக்கக் கூரையும் உள்ளே பார்த்துச் சரிவதால் மழை வீட்டுக்குள்ளேயே விழும். அதை வீட்டுக்கு வந்து சேரும் செல்வமாக வணிகக் குடும்பங்கள் எண்ணின. வழிகாட்டி இதைச் சொன்னதும் பயணிகள் அண்ணாந்து பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் முக்கால்வாசிப் பேர் அந்த முற்றத்தைக் கடந்து, செதுக்கிய உத்தரத்தைப் படம் எடுக்கப் போய்விடுவார்கள்.

தண்ணீருக்கு வருவோம். மலையோடையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த நீர், கல் பாவிய சிறு வாய்க்கால்களில் சந்து சந்தாக ஓடி, நிலாக்குளத்தில் சேர்ந்து, மறுபடி ஓடி, தெற்கு ஏரிக்குப் போகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கி, 1607-ல் தெற்கு ஏரியோடு முடிந்த ஏற்பாடு. ஹூ சோங் என்ற பெண் முன்னின்று செய்ததாக ஊர் மரபு. காலை எட்டு மணி வரை குடிக்க மட்டுமே நீர் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் துணி துவைக்கலாம், காய் கழுவலாம் என்ற கட்டுப்பாடு இருந்ததாகச் சொல்வார்கள். தீப்பிடித்தால் அணைக்கவும் இதே நீர்தான். பயணிக்கு இந்த வாய்க்கால் இன்னொரு உதவி செய்கிறது. ஒரே மாதிரித் தெரியும் சந்துகளில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எப்படியும் குளத்துக்கோ ஏரிக்கோ வந்து சேர்ந்துவிடலாம். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச்சின்னம் என்ற ஐந்தைக் கொண்டுதான் மனிதர்கள் ஓர் ஊரின் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்கிறார்கள் என்று நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-ல் அமெரிக்க நகரங்களைப் படித்துச் சொன்னார். ஹோங்சுனில் பாதைக்கு வாய்க்கால், சந்திப்புக்குக் குளம், விளிம்புக்கு ஏரி. ஷீதியில் ஊர் முகப்பில் 1578-ல் எழுப்பிய கல் தோரணவாயில் ஒன்றே அடையாளச்சின்னத்துக்குப் போதும்.

இத்தனையும் கண்ணால் பார்க்கக்கூடியவை. ஹோங்சுனில் எங்கே நின்றாலும் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு: எருமை. ஊரே படுத்திருக்கும் எருமை வடிவில் அமைந்தது என்பார்கள். மலை தலை, ஊர் வாசலில் நிற்கும் இரண்டு பெரிய மரங்கள் கொம்பு, வீடுகள் உடல், வாய்க்கால் குடல், நிலாக்குளம் இரைப்பை, பாலங்கள் கால். வழிகாட்டி மைக்கில் இதைச் சொல்லி முடித்ததும் பயணிகள் குளத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. கண்ணால் பார்க்காத எருமையைப் பார்த்துவிட்டதாகவே ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். உணர்தலில் கதைக்கு இருக்கும் வலு அவ்வளவு.

அதே சுவர்களில் சுண்ணாம்பு உதிர்ந்து சாம்பல் நிறக் கறை இறங்கியிருக்கும். பயணிக்கு அது காலத்தின் அழகு. வீட்டுக்காரருக்கு அது ஈரம் ஏறும் சுவர்.

எங்கே நின்று, எப்போது

ஃபூஜியன் மாகாணத்தில் துலோ என்று அழைக்கப்படும் பெரிய மண்கோட்டை வீடுகள் உண்டு. அவற்றில் 46 கட்டடங்கள் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தியான்லோகெங் என்ற இடத்தில் நடுவில் சதுரமாக ஒன்று, சுற்றிலும் வட்டமும் நீள்வட்டமுமாக நான்கு. மேலே சாலையோரப் பார்வை மேடையில் நின்றால் ‘நான்கு கறி, ஒரு சூப்’ வைத்த மேசை மாதிரி இருக்கிறது என்பது பிரபலமான வேடிக்கைப் பெயர். அமெரிக்கச் செயற்கைக்கோள் இவற்றை ஏவுகணைத் தளம் என்று தவறாக நினைத்தது என்ற ஆதாரமில்லாத கதையும் நன்றாக ஓடுகிறது. கீழே இறங்கி உள்ளே போனால் முற்றிலும் வேறு உலகம்: தரைத்தளத்தில் சமையலறை, இரண்டாம் தளத்தில் தானியம், அதற்கு மேல் படுக்கையறைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழிருந்து மேல் வரை ஒரு செங்குத்துத் துண்டு பங்கு. மேலே நின்றவர் வடிவத்தைப் பார்த்தார். உள்ளே வந்தவர் பங்காளிகள் சேர்ந்து வாழ்ந்த ஏற்பாட்டைப் பார்க்கிறார்.

யுன்னான் மாகாணத்தின் ஹனி மக்கள் வெட்டிய படிக்கட்டு வயல்கள் இன்னும் நல்ல உதாரணம். 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. உச்சியில் காடு, அதன் கீழே ஊர், ஊருக்குக் கீழே வயல், அடிவாரத்தில் ஆறு. காடு பனியையும் மழையையும் பிடித்துவைக்க, வாய்க்கால் அதை ஊர் வழியாக, எருவையும் சேர்த்துக்கொண்டு வயலுக்கு இறக்குகிறது. நீரைப் பங்கிட ஒரு மரக்கட்டையில் வெவ்வேறு அகலத்தில் பள்ளம் வெட்டி வாய்க்காலின் குறுக்கே பதிப்பார்கள். பள்ளத்தின் அகலம்தான் அந்த வயலின் உரிமை. நம் பக்கத்தில் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி மாதிரி வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. அவருக்குக் கூலி நெல்லாகப் போகும்.

இதில் எதுவும் பார்வை மேடையிலிருந்து தெரியாது. தோயிஷு மேடையில் சூரிய உதயம், புலிவாய் மேடையில் அஸ்தமனம், இவைதான் தெரியும். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் வயல்களில் பயிர் இருக்காது, தண்ணீர் மட்டும் நிற்கும். ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டுகளில் வானம் தெரிவது போல இருக்கும் அந்தக் காட்சிக்காகவே புகைப்படக்காரர்கள் அந்த மாதங்களில் குவிகிறார்கள். தண்ணீர் ஏன் நிற்கிறது? வயல் காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் அடுத்த மழையில் கரை சரியும். ஆண்டு முழுவதும் நீர் கட்டி, வரப்பைப் பூசிப் பூசிக் காப்பாற்றுகிறார்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டால் வரப்பைப் பூச ஆளில்லை. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கிற வயல்கள் என்பதால் ஒன்றைக் கைவிட்டால் பாதிப்பு கீழே இறங்கிக்கொண்டே போகும்.

காதும் மூக்கும்

ஆய்வுகளில் கண்ணுக்குத்தான் மரியாதை அதிகம். ஆனால் ஓர் ஊர் பிடித்ததா இல்லையா என்பதைச் சத்தம் பல நேரம் முடிவு செய்துவிடுகிறது. வாய்க்கால் நீரின் சலசலப்பு, சில்வண்டு, சேவல், மரப்படி கிறீச்சிடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரே சந்தில் நான்கு வழிகாட்டிகள் இடுப்பு ஸ்பீக்கரில் ஒருவருக்கு மேல் ஒருவர் பேசுவது, இரவில் மதுக்கடைப் பாட்டு. ஒலிச்சூழல் என்பதற்கு 2014-ல் வந்த ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) தரவரையறைகூட, டெசிபல் அளவை மட்டும் பார்க்காமல் மனிதர் ஒரு சூழலில் அதை எப்படி உணர்கிறார் என்பதையே அடிப்படையாக வைக்கிறது. ஒரே அளவு சத்தமுள்ள ஓடையும் ஸ்பீக்கரும் மனதுக்கு ஒன்றில்லை என்பது இதற்குள் அடக்கம்.

ஹுய்சோ ஊர்களில் மூக்குக்கும் வேலை உண்டு. புளிக்கவைத்த நாற்ற மீன், பூஞ்சை முடி வளர்ந்த டோஃபு இரண்டும் அந்த வட்டாரத்தின் பெருமை. நம் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்தும் வெளியூர்க்காரர் மாதிரி நிறையப் பேர் ஓடுவார்கள். ஓடியவரும் அதைப் பற்றித்தான் ஊருக்குப் போய்ப் பேசுவார், வெள்ளைச் சுவரைப் பற்றி இல்லை.

காட்சிக்காகவே ஒரு வேலை

ஜியாங்ஷி மாகாணத்து வூயுவான் வட்டாரத்தில் ஹுவாங்லிங் என்ற மலைச்சரிவு ஊர். மார்ச் மாதம் சுற்றிலும் கடுகு இனத்து மஞ்சள் பூக்கள். இலையுதிர் காலத்தில் வேறு காட்சி: சன்னலுக்கு வெளியே நீட்டிய மரச்சட்டங்களில் வட்ட வட்ட மூங்கில் தட்டுகள், அவற்றில் சிவப்பு மிளகாய், மஞ்சள் சோளம், செவ்வந்திப் பூ. சமதரையே இல்லாத ஊரில் தானியம் காயவைக்க வேறு வழி கிடையாது, அதனால் வந்த பழக்கம் இது. வண்ணத்துக்காக யாரும் தொடங்கவில்லை.

2009-க்குப் பிறகு ஒரு சுற்றுலா நிறுவனம் இந்த ஊரை எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் அடிவாரத்தில் கட்டிய புது வீடுகளுக்குப் போயின. பழைய வீடுகள் தங்கும் விடுதியும் கடையும் ஆயின. கேபிள் காரில் ஏறி, டிக்கெட் வாங்கி உள்ளே போனால் இன்றும் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் எல்லாப் பருவத்திலும். காயவைக்கும் அம்மாக்கள் அதே ஊர்க்காரர்கள்தான். இப்போது அது அவர்களுடைய சம்பள வேலை. தேசிய தினத்தின்போது மிளகாயும் சோளமும் சேர்ந்து தட்டுகளில் தேசியக்கொடியாகின்றன. 2023-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் பட்டியலில் ஹுவாங்லிங் இடம்பெற்றது.

டீன் மெக்கனல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மேடையேற்றிய நிஜம். பயணி உண்மையான வாழ்க்கையைத் தேடுகிறார். அது அந்தரங்கமானது என்பதால் அவருக்கென்று ஒரு ‘பின்கட்டு’ தயாரித்துக் காட்டப்படுகிறது. ஃபூஜியனின் ஷியாபு பகுதியில் இது இன்னும் வெளிப்படை. பெரிய ஆலமரங்களுக்கு நடுவே, புகைமூட்டத்தில், ஒரு விவசாயி எருமையை ஓட்டிக்கொண்டு வருவார். உலகமெங்கும் பரவிய படம். வைக்கோல் புகை, எருமை, நடை எல்லாம் கட்டணத்துக்கு.

இதைப் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனமில்லை. ஹுவாங்லிங்கில் தண்ணீர்த் தட்டுப்பாடும் மண்சரிவு பயமும் இருந்து, ஆட்கள் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். விட்டிருந்தால் இன்று இடிபாடாகத்தான் இருந்திருக்கும். பயணிகளும் ஏமாளிகள் இல்லை. நாடகம் என்று தெரிந்தே ரசிக்கிறவர்கள் ஏராளம். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு ஊரின் தட்டு பிரபலமானால் அடுத்த நான்கு ஊரிலும் தட்டு தொங்குகிறது. அதே பொரித்த கணவாய்க் குச்சி, அதே பழங்கால ஆடை வாடகைக் கடை, அதே எண்ணெய்த்தாள் குடை. எல்லா ஊரும் ஒரே முகம் என்ற புலம்பல் சீனப் பயணிகளின் விமர்சனங்களில் அடிக்கடி வருவது.

எப்படி அளக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய வழி, புகைப்படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொல்வது. 1976-ல் டேனியல், பாஸ்டர் என்ற இருவர் காடுகளுக்காக வகுத்த முறை இன்றும் கிராமங்களுக்குப் பயன்படுகிறது. ‘அமைதி–இரைச்சல்’, ‘பழமை–புதுமை’ என்று எதிர்ச்சொல் ஜோடிகளைக் கொடுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பது இன்னொன்று. கண் எங்கே நிலைக்கிறது என்று கருவி வைத்துப் பார்ப்பதும் உண்டு. இப்போது அதிகம் நடப்பது, பயண ஆப்களிலும் சமூக வலைத்தளங்களிலும் பயணிகள் போட்ட படங்களையும் விமர்சனங்களையும் ஆயிரக்கணக்கில் திரட்டி எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணுவது. மலிவான வழி, ஆனால் இணையத்தில் எழுதாத தாத்தா அதில் வரவே மாட்டார். புகைப்படத்தில் ஸ்பீக்கர் சத்தமும் வராது. எந்த முறையானாலும் பெரும்பாலும் கேட்பது பயணியிடம்தான். ஊர்க்காரரிடமும் அதே கேள்விகளைக் கேட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள்தான் எனக்குச் சுவாரசியம்.

இந்த உணர்தல் கடைசியில் பணமாக மாறி ஊருக்குள் திரும்புகிறது. எப்படித் திரும்புகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். குவாங்ஷி வட்டாரத்து லோங்ஜி படிக்கட்டு வயல்களில் தாஜாய் என்ற யாவ் மக்களின் கிராமம் இருக்கிறது. வயலைப் பார்க்கத்தானே பயணி வருகிறார் என்று அங்கே கணக்கு நேராகவே போட்டார்கள். டிக்கெட் வருமானத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் குடும்பங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. பங்கை முடிவு செய்வதில் யார் எவ்வளவு வயலை நட்டுப் பராமரிக்கிறார் என்பதற்கு முக்கிய இடம். வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு விடுதி மட்டும் நடத்துகிறவருக்குப் பங்கு குறையும்.